மெதுவோட்டம்

ஓடி உழைக்கும் பொருள் தேயும், ஓய்ந்திருக்கும் பொருள் நிலைக்கும் என்பது மக்கள் பொதுவாகக் கொண்டுள்ள எண்ணம். மிதிவண்டி முதல் தையல் இயந்திரம் வரை எதனையும் இந்த அளவுகோல் கொண்டே அளந்து பார்க்கின்றனர். மகனுக்கு முதன்முதலாக மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுக்கும் தந்தை, சாவியோடு சேர்த்து, 'மெதுவாக ஓட்டு. வண்டி நெடுநாள் உழைக்கும்' என்னும் அறிவுரையையும் கொடுத்தே அனுப்புகிறார். சாலையைப் பொறுத்தவரை அந்த அறிவுரையில் குறை காண இடமில்லை. உயிருக்கும் அது காவல். ஆனால், சிலாங்கூர் ஆறு மலாக்கா நீரிணையோடு கலக்கும் கோலசிலாங்கூரில், படகுத்துறைக்குச் சற்று உள்ளே தகரக் கூரை வேய்ந்த பட்டறை ஒன்றை நடத்திவரும் முதியவர் ஒருவர், படகு இயந்திரத்தைப் பற்றி எவரேனும் இவ்வாறு சொல்லக் கேட்டால், கையிலுள்ள திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "யார் சொன்னது?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் விழித்தவர் பலர்.

பெரியவர் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர். இளமையில் ரப்பர்த் தோட்டத் தொழிற்சாலை ஒன்றில் பிட்டராக வேலை பார்த்தார். தோட்டம் கைமாறி, ரப்பர் மரங்கள் வீழ்ந்து, செம்பனை எழுந்தபோது, குடும்பத்தை அழைத்துக்கொண்டு ஆற்றோரம் வந்து சேர்ந்தார். கடலைப் பற்றி ஒன்றும் அறியாதவர். ஆயினும், ஓர் இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே அதன் உள்ளே என்ன குறை என்று சொல்லும் செவி அவருக்கு வாய்த்திருந்தது. மலாய் மீனவர்களும் சீன மீனவர்களும் தமிழர்களும் தங்கள் படகு இயந்திரங்களை அவரிடம் கொண்டுவந்து மரச்சட்டத்தில் மாட்டிவிட்டுப் போவது வழக்கமாயிற்று.

படகின் பின்புறப் பலகையில் மாட்டித் தொங்கவிடப்படும் இந்த இயந்திரத்தை மலாய் மக்கள் 'எஞ்சின் சங்குட்' என்று வழங்குகின்றனர். 'சங்குட்' என்றால் மாட்டித் தொங்கவிடுவது. பொருளுக்கு இவ்வளவு பொருத்தமான பெயர் பிற மொழிகளில் அமைந்திருக்கிறதா என்பது ஐயமே. நார்வே நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர் 1909-ஆம் ஆண்டில் இத்தகைய இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்னும் சிலர் முயன்றிருக்கின்றனர் எனினும், பெருவாரியான மக்களின் கைக்கு அது சென்று சேர்ந்தது அவராலேதான். அந்த முதல் இயந்திரத்தின் ஆற்றல் ஒன்றரைக் குதிரைவேகமே. துடுப்புத் தள்ளும் மனிதனின் தோள்வலியைப் போக்குவதே அதன் நோக்கம், விரைவு அன்று. பின்வந்தோர் விரைவை நாடினர். இன்று 15 குதிரைவேகம் கொண்ட சிறிய இயந்திரமே நிமிடத்திற்கு 5,000 சுற்றுகள் அளவில் சுழலும்போதுதான் தன் முழு ஆற்றலையும் காட்டும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. காபரேட்டரின் வாய் அகலமும், புகை வெளியேறும் துளைகளின் அளவும், குளிர்நீர் சுற்றும் வழியும் எல்லாம் அந்த வேகத்தை மனத்திற்கொண்டே வகுக்கப்படுகின்றன. மிகக் குறைந்த ஓட்டத்தில் அதே இயந்திரம் நிமிடத்திற்கு 700 அல்லது 800 முறைதான் சுழல்கிறது. பள்ளித் திடலில் ஓடப் பழகியவனை நாள் முழுதும் ஒரே இடத்தில் நிற்கச் சொன்னால் அவன் கால் மரத்துப் போகும் அல்லவா? நிற்பது ஓடுவதைவிட எளிது என்று எண்ணுவது நின்று பாராதவர் எண்ணம்.

அப்படியானால் மெதுவாக ஓட்டாமலே இருந்துவிடலாமே என்று கேட்கலாம். அது முடியாது. ஆற்றுப் படகின் தொழிலில் பாதிக்கு மேற்பட்டது மெதுவோட்டமே. வலை விரிப்பவன் விரைந்து ஓட்டினால் வலை சுருண்டு சிக்கலாகும். தூண்டிற் கயிற்றைப் படகின் பின்னே இழுத்துச் சென்று மீன் பிடிக்கும் முறையை மலாய் மீனவர் 'துண்டா' என்பர். உயிருள்ள சிறு மீனை இரையாகக் கோத்து இழுக்கும்போது, படகு மனிதன் நடக்கும் வேகத்திற்கு மேல் செல்லக்கூடாது. இப்பொழுது இன்னொரு தொழிலும் சேர்ந்துவிட்டது. செம்பருந்தையும் வெண்வயிற்றுக் கடற்கழுகையும் அலையாத்திக் காட்டின் கொக்குகளையும் காணவரும் பயணிகளை ஏற்றிக்கொண்டு கரையோரமாக மணிக்கணக்கில் ஊர்ந்து செல்லவேண்டும். விரைந்தால் பறவை பறந்துவிடும். படகு எழுப்பும் அலை கரை மண்ணையும் அரித்துவிடும். ஆதலின், வேகத்திற்கென்று படைக்கப்பட்ட பொறியை மெதுவான வேலைக்குப் பயன்படுத்துவது இத்தொழிலில் தவிர்க்க இயலாத முரண்பாடாக அமைந்துவிட்டது.

சிறிய படகுகளில் இன்றும் மிகுதியாகக் காணப்படுவது இரண்டடி இயந்திரம் எனப்படும் 'டூ ஸ்ட்ரோக்' வகை. அதன் உள்ளே நிகழ்வதைச் சற்று விளங்கிக்கொண்டால்தான் பெரியவரின் கேள்வி விளங்கும். இவ்வகை இயந்திரத்தில் உராய்வைத் தடுக்கும் எண்ணெய்க்கெனத் தனித் தொட்டி அடியில் இல்லை. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றுகின்றனர். பெரும்பாலான இயந்திரங்களுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்பது கணக்கு. படகில் வைக்கும் 25 லிட்டர்ச் சிவப்புத் தொட்டிக்கு அரை லிட்டர் எண்ணெய் போதும். இந்தக் கலவை காற்றோடு சேர்ந்து முதலில் பிஸ்டனுக்குக் கீழேயுள்ள அறைக்குள் நுழைகிறது. அங்குள்ள தண்டுகளையும் குண்டுகளையும் நனைத்துவிட்டு, மேலே சிலிண்டருக்குள் ஏறி எரிகிறது. புதிதாக ஏறும் கலவையே முன்பு எரிந்த புகையை வெளியே தள்ளவேண்டும். வருபவன் இருப்பவனைத் தள்ளிக்கொண்டு அமர்வது போன்ற ஏற்பாடு இது.

வேகமாக ஓடும்போது இந்த ஏற்பாடு செம்மையாக நடைபெறுகிறது. காற்று விரைந்து பாய்கிறது, பெட்ரோல் பனித்துளியினும் நுண்ணியதாகச் சிதறுகிறது, வெப்பம் மிகுகிறது, எண்ணெயும் உடன் எரிந்து வெளியேறுகிறது. மெதுவாக ஓடும்போதோ காற்றின் ஓட்டம் தளர்கிறது. பெட்ரோல் சரியாகச் சிதறாமல் ஈரமாகவே கீழறையின் சுவரில் படிந்து தேங்குகிறது. புதிய கலவைக்குப் பழைய புகையை முழுதும் வெளியேற்றும் வலிமை இல்லை. ஆகவே புகையும் கலவையும் ஒன்றாய்க் கலந்து கிடக்கின்றன. சில சுற்றுகளில் தீப்பற்றுகிறது. சில சுற்றுகளில் பற்றுவதில்லை. துறையில் மெதுவாக நிற்கும் படகு 'டக்... டக் டக்... டக்' என்று தாளம் தவறி ஒலிப்பதன் காரணம் இதுவே. இசை பயிற்றும் ஆசிரியர் கேட்டால் செவியைப் பொத்திக்கொள்வார்.

எரியாமல் எஞ்சும் எண்ணெய் எங்கே போகும்? ஒரு பகுதி நீரில் கலந்து நிறம் காட்டி மிதக்கிறது. மற்றொரு பகுதி கரியாக மாறி, பிஸ்டனின் தலையிலும், அதனைச் சுற்றியுள்ள வளையங்களிலும், புகைத் துளைகளின் வாயிலும் படிகிறது. எல்லாவற்றிற்கும் முன்பாக அது சென்று ஒட்டுவது பிளக்கின் முனையில். பிளக்கின் முனை ஏறத்தாழ 450 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துத் தூய்மை செய்துகொள்ளும். மெதுவோட்டத்தில் அந்தச் சூடு கிட்டுவதில்லை. நாளடைவில் என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. சில மணி நேரத்திலேயே பிளக்கின் இடைவெளியை ஈரக் கரி நிரப்பிவிடும். மின்சாரம் பொறியாகப் பாயாமல் கரியின் வழியே கசிந்து போகும். இத்துணைக்கும் இயந்திரம் மெதுவாக ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஓட்டுபவனுக்குக் குறை ஒன்றும் தெரியாது. கைப்பிடியைத் திருகி வேகம் கேட்கும்போதுதான் கடன்காரன் கதவைத் தட்டுவான்.

அப்படித் தட்டிய ஒரு மாலைப்பொழுதைப் பற்றித் துறையில் இன்றும் பேசிக்கொள்கின்றனர். மீனவர் குடும்பத்தைச் சேர்ந்த தமிழ் இளைஞன் ஒருவன். விடியலில் வலைக்குச் செல்பவன். மாலையில் பயணிகளை ஏற்றிப் பறவை காட்டுபவன். 15 குதிரைவேக இரண்டடி இயந்திரம் அவனுடையது. ஒருநாள் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு அலையாத்திக் காட்டின் ஓரமாக மூன்று மணி நேரம் ஊர்ந்து திரிந்தான். அவர்களுள் இருவர் சிறுவர்கள். அமாவாசையை ஒட்டிய நாள். இக்கரையோரத்தில் அத்தகைய நாள்களில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே நீர்மட்டம் நான்கு மீட்டர் அளவுக்கு மாறுவதுண்டு. நீர் வற்றத் தொடங்கிவிட்டால் ஆறு முழுதும் கடலை நோக்கி இழுக்கும். இருட்டுவதற்குள் துறை திரும்ப எண்ணி இளைஞன் கைப்பிடியைத் திருகினான். இயந்திரம் இருமியது, நீலப்புகை கக்கியது, நின்றது. கயிற்றை இழுத்தான், இழுத்தான், தோள் ஓயும்வரை இழுத்தான். பொறி உயிர்க்கவில்லை.

படகு பக்கவாட்டில் திரும்பி முகத்துவாரத்தை நோக்கி நகரத் தொடங்கிற்று. அப்பால் சேற்றுத் திட்டும் திறந்த கடலும், வெளிச்சமின்றி வரும் இழுவைப் படகுகளும். துடுப்பு ஒன்றே இருந்தது. ஐவர் அமர்ந்த படகை அந்த நீரோட்டத்திற்கு எதிராகத் தள்ள அது உதவவில்லை. நங்கூரத்தை எறிந்தான். சேற்றில் அது சிறிது தூரம் உழுதுகொண்டே சென்று, பிறகு பற்றிக்கொண்டது. அதற்கிடையில் சிறுவர்களின் தாய் இருவரையும் இரு கையாலும் அணைத்துக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் இருந்தாள் என்றும், அந்த மௌனத்தைத்தான் தன்னால் மறக்க முடியவில்லை என்றும் இளைஞன் பின்னர்க் கூறினான். அரைமணி நேரத்திற்குப் பின் அவ்வழியே வந்த சீன மீனவர் ஒருவர் கயிறு வீசி இழுத்துச் சென்றார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

மறுநாள் காலை இயந்திரம் பெரியவரின் மரச்சட்டத்தில் தொங்கியது.

"பெட்ரோல் கெட்டுப்போய்விட்டது, மாமா. தண்ணீர் கலந்திருக்கும்" என்றான் இளைஞன்.

"பார்ப்போம். நேற்று எவ்வளவு நேரம் ஓடியது?"

"மூன்று மணி நேரம். ஆனால் எஞ்சினை நான் வருத்தவே இல்லை, மாமா. கைப்பிடியைத் திருகவே இல்லை. கைக்குழந்தையைப் போல வைத்திருந்தேன்."

"அதுதான் தம்பி, நோய்" என்றார் பெரியவர்.

இரண்டு பிளக்குகளையும் கழற்றி, ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்தார். தாளில் கறுப்பு எண்ணெய் வட்டமாக ஊறிப் பரவியது. பிளக்கின் நிறத்தைப் படிப்பது இத்தொழிலில் அரிச்சுவடி. வெளிர்ப் பழுப்பு நிறமாயின் உடல்நலம் என்று பொருள். வெண்மையாய் வெளுத்திருந்தால் சூடு மிகை, பெட்ரோல் போதவில்லை. உலர்ந்த கரியாயின் பெட்ரோல் மிகுதி. ஈரமாய், பளபளக்கும் கறுப்பாயிருந்தால் எண்ணெய் எரியவில்லை. இளைஞனின் பிளக்குகள் கடைசி வகையைச் சேர்ந்தவை. தொட்டியின் பெட்ரோலைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தனர். அடியில் ஒரு துளி நீரும் இல்லை.

பேச்சு வளர வளர மற்றொரு செய்தியும் வெளிவந்தது. இயந்திரத்திற்கு நன்மை செய்வதாக எண்ணி, இளைஞன் அரை லிட்டருக்குப் பதில் ஒரு லிட்டர் எண்ணெய் கலந்து வந்திருக்கிறான். அதுவும் மோட்டார் சைக்கிளுக்கு விற்கப்படும் எண்ணெய். தோசைக்கு எண்ணெய் மிகுந்தால் மணம் கூடலாம், பொறிக்குக் கூடாது. எண்ணெய் இருமடங்கானால் கரியும் மிகும் என்பது எளிதில் விளங்கும். எளிதில் விளங்காத தீங்கும் ஒன்று உண்டு. எண்ணெய் மிகுந்த அளவுக்கு அதே துளையின் வழியே செல்லும் பெட்ரோல் குறைகிறது. அதனால் முழுவேகத்தில் ஓடும்போது கலவை மெலிந்து சூடு ஏறுகிறது. அன்பு மிகுதியால் செய்தது இரு முனையிலும் தீங்காய் முடிகிறது. எண்ணெயின் வகையும் முக்கியமே. காற்றால் குளிரும் மோட்டார் சைக்கிள் இயந்திரம் மிகுந்த சூட்டில் இயங்குவது. ஆற்றுநீரை உறிஞ்சிக் குளிரும் படகு இயந்திரம் அதைவிடக் குறைந்த சூட்டில் இயங்குவது. அந்தச் சூட்டில் சாம்பலின்றி எரிவதற்கென்றே படகு எண்ணெய் தனியாகச் செய்யப்படுகிறது. அதன் போத்தலின்மேல் 'டி.சி.-டபிள்யூ. 3' என்னும் குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். மலிவு கருதி அதைத் தவிர்ப்பவர் பிறகு பட்டறையில் அந்தப் பணத்தைக் கொடுக்கின்றனர்.

தமிழ்ப்பள்ளி வகுப்பறைகளில் வெப்ப இயந்திரத்தைக் கரும்பலகையில் வரைந்து விளக்கும் ஆசிரியர்கள், இப்படிப்பட்ட ஒரு பிளக்கை மாணவர் கையில் கொடுத்து, நிறத்தைக் கண்டு காரணம் சொல்லச் செய்தால், அந்தப் பாடம் வேறு உயிர் பெறும். பழைய பிளக்குகளைப் பட்டறைக்காரர்கள் விலையின்றியே தருவர்.

பெரியவர் சொன்ன மருந்து மிக எளியது. அரைமணி நேரம் ஊர்ந்தால் இரண்டு நிமிடம் ஓடவேண்டும். பறவை இல்லாத இடமாகப் பார்த்து, பயணிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஆற்றின் நடுவே சென்று வேகத்தைக் கூட்டவேண்டும். அதையும் ஒரேயடியாகத் திருகக்கூடாது. கீழறையில் தேங்கிய ஈரமெல்லாம் ஒருசேர மேலே ஏறினால் பிளக் மூழ்கிவிடும். இளைஞனுக்கு அன்று மாலை நேர்ந்தது அதுவே. படிப்படியாகக் கூட்டும்போது முதலில் நீலப்புகை வரும், பிறகு புகை மெலியும், ஒலி சீராகும். அந்த ஒலி சீராகும் கணத்தைச் செவியால் அறிந்துகொண்டால் கடிகாரமே தேவையில்லை. துறைக்குத் திரும்பியதும் உடனே அணைக்காமல், கடைசிச் சில நிமிடங்களையும் நல்ல வேகத்தில் ஓட்டிவந்து பிறகு தணிப்பது நலம்.

வெப்பம் மிகுந்த பிளக் ஒன்றை மாட்டிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்று சிலர் குறுக்குவழி கூறுவர். உண்மைதான், அத்தகைய பிளக் மெதுவோட்டத்தில் எளிதில் அழுக்கடையாது. ஆனால் அதே பிளக்கோடு முழுவேகத்தில் நெடுந்தூரம் சென்றால், அதன் முனை செந்தழலாகி, உரிய நேரத்திற்கு முன்பே தீமூட்டி, பிஸ்டனின் தலையைத் துளைத்துவிடவும் கூடும். நாள் முழுதும் ஊர்வதைத் தவிர வேறு வேலையில்லாத படகுக்கே அது ஏற்றது. இளைஞனின் படகோ விடியலில் கடலுக்கும் செல்கிறது. ஆகவே, பெரியவர் அந்த வழியை அவனுக்கு மறுத்துவிட்டார்.

வேறொரு வழி, இயந்திரத்தை மெதுவாக்காமல் படகை மட்டும் மெதுவாக்குவது. சுழல்விசிறியின் இதழ்ச் சாய்வு குறைந்த ஒன்றை மாட்டினால், இயந்திரம் சற்று விரைந்து சுழன்றாலும் படகு முன்போலவே ஊரும். அல்லது பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு வாளிகளைக் கயிற்றில் கட்டி நீரில் விட்டு இழுக்கலாம். வாளியின் இழுப்பு படகைத் தடுக்க, இயந்திரம் உழைத்தே தீரவேண்டியதாகிறது, உழைப்பதால் சூடேறுகிறது. பார்ப்பவர் சிரிப்பர். வாளியில் தண்ணீர் மொண்டு செல்வதற்கா எஞ்சின் வாங்கினாய் என்று துறையில் கேட்டவர்களும் உண்டு. வட அமெரிக்கப் பேரேரிகளில் தூண்டில் இழுக்கும் செல்வர்கள் பெரிய இயந்திரத்தின் அருகே எட்டு அல்லது பத்துக் குதிரைவேகச் சிறிய இயந்திரம் ஒன்றையும் மாட்டிக்கொள்கின்றனர். ஊர்வதற்குச் சிறியது, ஓடுவதற்குப் பெரியது. சிறியது தன் ஆற்றலின் நடுப்பகுதியில் உழைப்பதால் அதற்கும் தீங்கில்லை. இரண்டு இயந்திரம் வாங்க வசதியில்லாதவருக்கு இரண்டு வாளி.

ஆற்று முகத்துவாரத்தில் மெதுவாகச் செல்பவன் கவனிக்கவேண்டியது மற்றொன்றும் உண்டு. இயந்திரத்தின் கால்பகுதியில் இருக்கும் சிறு ரப்பர் விசிறியே ஆற்றுநீரை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. சேறு கலந்த நீரை நாள்தோறும் உறிஞ்சினால் அதன் இதழ்கள் தேயும். தேய்ந்த விசிறி வேகமாகச் சுழலும்போது எப்படியோ நீரை ஏற்றிவிடும். மெதுவாகச் சுழலும்போது இயலாது. ஆகவே பின்புறத்தில் மெல்லிய தாரையாக வெளிவரும் நீரை அடிக்கடி திரும்பிப் பார்க்கவேண்டும். தாரை மெலிந்தால் அல்லது சொட்டினால், இயந்திரத்தை நிறுத்தவேண்டிய நேரம். பறவையைக் காட்டும் ஆர்வத்தில் முன்னே மட்டும் பார்ப்பவன் இதைக் காணமாட்டான்.

இன்று நான்கடி இயந்திரங்கள் பெருகிவருகின்றன. புகையையும் நீர் மாசையும் குறைக்க வேண்டி அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996-ஆம் ஆண்டில் படகு இயந்திரங்களுக்கு விதி வகுத்தது. அதன்பின் பழைய காபரேட்டர் வகை இரண்டடி இயந்திரங்கள் அந்நாட்டுச் சந்தையிலிருந்து படிப்படியாக மறைந்தன. நான்கடி இயந்திரத்தில் எண்ணெய் தனி அறையில் இருக்கிறது, பெட்ரோலோடு எரிவதில்லை. மெதுவோட்டத்தில் அது தாளம் தவறாது; புகையாது; ஒலியும் தணிவு. பிளக் கரிபிடிக்கும் தொல்லை மிகக் குறைவு. அப்படியானால் சிக்கல் தீர்ந்தது என்று மகிழலாமா?

முழுதும் மகிழ இயலாது. குளிர்ந்த நிலையில் நெடுநேரம் மெதுவாக ஓடும்போது, ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டரின் சுவரில் வழிந்து, வளையங்களைக் கடந்து, கீழேயுள்ள எண்ணெயோடு கலக்கிறது. அளவுகோலை எடுத்துப் பார்த்தால் எண்ணெயின் மட்டம் முன்னைவிட உயர்ந்திருக்கும்! அனுபவமற்றவன் இயந்திரம் எண்ணெய் குடிக்கவில்லை என்று மகிழ்வான். முகர்ந்து பார்ப்பவனுக்கே பெட்ரோல் வாடை தெரியும். நீர்த்துப்போன எண்ணெய் வழவழப்பை இழந்து உலோகத்தை உலோகம் தேய்க்க விட்டுவிடும். குளிர்நாட்டு ஏரிகளில் இத்தொல்லை மிகுதி. மலாக்கா நீரிணையின் வெதுவெதுப்பான நீரில் குறைவு எனினும், மெதுவோட்டமே தொழிலாகக் கொண்டவர் காலையில் அளவுகோலைப் பார்ப்பதோடு முகரவும் வேண்டும் என்பது பெரியவரின் கட்டளை. எண்ணெய் மாற்ற 100 மணி நேரம் என்று கையேடு சொன்னால், அவர் அதற்கு முன்பே மாற்றச் சொல்வார்.

இவ்வளவு பாடும் வேண்டாம் என்று விலகியவர்களும் அதே ஆற்றில் இருக்கின்றனர். கோலசிலாங்கூருக்கு அண்மையில் உள்ள கம்போங் குவாந்தானில், பெரெம்பாங் மரங்களில் கூடி ஒரே தாளத்தில் மின்னும் மின்மினிகளைக் காண இரவில் மக்கள் செல்வர். அங்கே மரச் சம்பான்களைத் துடுப்பால் தள்ளியே பயணிகளை அழைத்துச் செல்கின்றனர். ஒலியும் புகையும் அலையும் இல்லை. மின்கலத்தால் இயங்கும் படகுகளும் இந்த ஆற்றில் ஓடுகின்றன. மின்விசைப் பொறிக்கு மெதுவோட்டம் ஒரு சுமையே அன்று. எரிவதற்கு அதனுள் எதுவும் இல்லாததால் கரிபிடிப்பதற்கும் எதுவும் இல்லை. ஆயினும், விடியலில் வலையோடு கடலுக்குச் செல்பவனுக்குத் துடுப்பும் போதாது. இன்றைய சிறு மின்கலமும் எளிதில் போதாது. ஒரே படகு காலையில் மீன்பிடிக்கவும் மாலையில் பறவை காட்டவும் வேண்டியிருக்கும்வரை பெட்ரோல் இயந்திரமே அவனுக்குத் துணை.

அந்த மாலைக்குப் பிறகு இளைஞனின் படகில் இரண்டு மாற்றுப் பிளக்குகளும் அவற்றைக் கழற்றும் கருவியும் பிளாஸ்டிக் டப்பாவில் இடம்பெற்றன. துடுப்பு இரண்டாயிற்று. நங்கூரக் கயிற்றின் நீளமும் இருமடங்காயிற்று. பெரியவரின் சொற்படி, தங்கை பயன்படுத்தி முடித்த பள்ளிப் பயிற்சி நூல் ஒன்றின் எஞ்சிய பக்கங்களில் நாள்தோறும் கணக்கும் எழுதிவருகிறான்: ஊர்ந்த நேரம், ஓடிய நேரம், ஊற்றிய பெட்ரோல், கலந்த எண்ணெய், பிளக்கின் நிறம். நிறத்தை எழுதும் இடத்தில் தொடக்கத்தில் 'கறுப்பு' என்றும், பின்னர்க் 'காப்பி' என்றும், அண்மைப் பக்கங்களில் 'பால் ஊற்றிய காப்பி' என்றும் காணப்படுகின்றன.

நான்கடி இயந்திரம் ஒன்று தவணையில் வாங்கலாமா என்று அண்மையில் அவன் பெரியவரைக் கேட்டான். பழுது குறைந்தால் பட்டறைக்கு வருவாய் குறையும் என்பது இருவருக்கும் தெரியும். பெரியவர் உடனே விடை சொல்லவில்லை. "அந்த நோட்டை எடுத்து வா தம்பி" என்றார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஓராண்டுப் பக்கங்களை ஒன்றொன்றாய்ப் புரட்டி, ஊர்ந்த மணி நேரத்தை ஒருபுறமும் ஓடிய மணி நேரத்தை மறுபுறமும் பென்சிலால் கூட்டத் தொடங்கினார். வெளியே நீர் ஏறிக்கொண்டிருந்தது. கூட்டல் முடியப் பிற்பகல் ஆயிற்று. நான்கில் மூன்று பங்கு மெதுவோட்டம்.

"வாங்கு" என்றார். "ஆனால் எண்ணெயை என்னிடம் வந்து மாற்று."